பதினொரு மணிக் குளியல்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை பதினொரு மணிக்கு, வெயில் கொல்லையில் முழுசாக இறங்கியிருந்த வேளையில், என் தாயார் அவர்கள் குளித்தார்கள். குளித்தது மட்டுமல்ல, அவசரப்படாமல் குளித்தார்கள். தமுக்கடித்துச் சொல்ல வேண்டிய செய்தி. தமுக்கும் கிடைக்கவில்லை, அடிக்க ஆளும் கிடைக்கவில்லை. அதனால் உனக்குக் கடிதமாக எழுதுகிறேன்.

அன்பு மகனே, இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு சிக்கல், நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு வயது பதினேழு. உன் அம்மா யார், எந்த ஊர், எந்தத் தெரு என்பதெல்லாம் எனக்கே தெரியாது. தெரிந்ததும் சொல்கிறேன். கல்யாணமாகி, பிள்ளை வளர்ந்து, தலை நரைத்த பிறகு மகனுக்குக் கடிதம் எழுதுவதுதான் உலக வழக்கம். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நம் தெருவில் உள்ள அப்பாக்கள் எல்லாரையும் விசாரித்துவிட்டேன். அத்தனை பேரும் படிக்கிற காலத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவர்கள். அப்படியானால் இரண்டாவதாக வந்தவனுக்கெல்லாம் பிள்ளையே பிறக்கவில்லையா? வயதானால் ஞாபகம் காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் பெருமை முளைத்துவிடும். எனக்கும் வயதாகிக்கொண்டே போகிறது, நேற்று முகவாயில் இன்னொரு முடி தென்பட்டது. ஆகவே விஷயம் ஈரமாக இருக்கும்போதே எழுதிவைக்கிறேன். நீ என் வயதுக்கு வந்து, மீசையைத் தடவிக்கொண்டு படி.

முதலில் நிலவரம். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுத் துரைமார் தெருக்கள், மேற்கே நாம். நம் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு, கிணற்றோரம் ஒரு துவைகல், அதைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டி. அதுதான் நமது குளியலறை. கூரை, ஆகாயம். மழை பெய்தால் இறைக்கிற வேலை மிச்சம், அவ்வளவு வசதி. அடுப்படி வேலையெல்லாம் முடித்து, வெயில் ஏறிய பிறகு நிதானமாகக் குளிப்பது உன் ஆயாவின் பழக்கம். உனக்கு ஆயா, எனக்கு அம்மா. இனிமேல் அம்மா என்றே எழுதுகிறேன், நீ மாற்றிப் படித்துக்கொள். பிறகு பக்கத்து வீட்டில் மாடி எடுத்தார்கள். மாடிக்கு ஜன்னல் வைத்தார்கள். ஜன்னல் நம் கொல்லையைப் பார்த்துத் திறந்தது. அவர்கள் நல்ல மனுஷர்கள்தான், ஆனால் ஜன்னலுக்கு நல்லவர் வீட்டு ஜன்னல், கெட்டவர் வீட்டு ஜன்னல் என்று உண்டா? அன்றிலிருந்து அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து இருட்டில் குளிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் அந்த நேரத்துத் தண்ணீர் மேலே பட்டால் பகல் முழுக்க நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம் கேட்கும். பேசினால் பாதி வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள். அவள் நைனாவிடம் கேட்டது ஒன்றுதான். “ஒரு நாலு சுவரு, ஒரு கதவு, உள்பக்கம் ஒரு தாப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

நைனாவுக்கு, அதாவது உன் தாத்தாவுக்கு, வேறொன்று வேண்டியிருந்தது. அவர் துறைமுகத்தில் துரையிடம் குமாஸ்தா. வருஷக்கணக்காகக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு துரை வீட்டு வராந்தா வரை போவார், வராந்தாவிலிருந்து திரும்புவார். ஒரு நாள் மைக்கூடு கவிழ்ந்து கையெல்லாம் மை. துரையின் மனைவி மதாம் பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கழுவிக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் நைனா அந்தக் குளியலறையைப் பார்த்தார். சிங்கப் பாதம் வைத்த வெள்ளைத் தொட்டி. அதைச் சுற்றிச் சுவரில் வெள்ளை வெளேரென்று பீங்கான் கல். “கையைக் கழுவத்தான்டா போனேன். எதைத் தொட்டாலும் மை ஒட்டிக்குமோன்னு அப்படியே நின்னுட்டேன்” என்பார். இதை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர் இன்னும் கொஞ்சம் வெளுத்துக்கொண்டே வருகிறது.

பிறகு மூன்று நிறக் கொடி இறங்கி மூன்று நிறக் கொடி ஏறியது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். நைனாவின் துரையும் கிளம்பினார், வீட்டுச் சாமான்களை வந்தவர்களுக்கு விற்றார். எல்லாரும் நாற்காலியையும் அலமாரியையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நைனா நேராகக் குளியலறைக்குப் போய்த் தொட்டியின் விளிம்பில் கையை வைத்துவிட்டார். கூடவே, பழுது பார்ப்பதற்கென்று துரை வரவழைத்து மரப்பெட்டியில் போட்டு வைத்திருந்த பீங்கான் கற்களும் நம் பங்குக்கு வந்தன. தொட்டி மாட்டு வண்டியில் வாய்க்கால் பாலம் தாண்டி வந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். தெரு முழுக்க வாசலில் நின்றது.

“என்னா முசே, கப்பல் வாங்கிட்டீங்களா?” என்று ஒருவர் துரை பாஷையில் மரியாதை கொடுத்துக் கேட்டார்.

“கப்பல் தண்ணிக்குள்ள இருக்கும். இதுக்குள்ள தண்ணி இருக்கும். வித்தியாசம் தெரிஞ்சிக்க” என்றார் நைனா, வண்டியில் உட்கார்ந்தபடியே. என் நாக்கு எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். ஆனால் வீட்டில் அவரைவிட நீளமான நாக்கு ஒன்று காத்திருந்தது. அம்மா தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள், குனிந்து அடியில் பார்த்தாள், நிமிர்ந்தாள்.

“நாலு சுவரு கேட்டேன். நாலு காலு கொண்டாந்திருக்கீங்க.”

சுவரும் வந்தது, அவசரப்படாதே. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான சுவர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. கொத்தனார் வந்து மற்ற மூன்று பக்கமும் எழுப்பி, ஓடு வேய்ந்து, கதவு மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். பீங்கான் கல்லை அவரிடம் கொடுக்க நைனாவுக்கு மனசில்லை. “அவருக்குச் செங்கல் தெரியும், கரோ தெரியாது. இது எப்படி இருக்கணும்னு நான் பார்த்திருக்கேன். நாமளே பதிப்போம்” என்றார். கரோ என்றால் பீங்கான் கல். நாமளே என்றால் யார்? நைனா வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். மற்ற எல்லாம் நான். நூல் கட்டுவது, சிமெண்டும் மணலும் கலப்பது, கல்லின் முதுகில் கலவையை அப்பிச் சுவரில் ஒட்டுவது, கரணையின் பிடியால் மெல்லத் தட்டி உட்கார வைப்பது. “தட்டுடா, திட்டாதே” என்பார், நான் கலவையோடு பேசிக்கொண்டே வேலை செய்வதால். ஒரு வரிசை முடிந்ததும் கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்து நீளவாக்கில் பார்ப்பார். பார்த்துவிட்டு “பியேன்” என்பார். பியேன் என்றால் நன்று. இத்தனை வருஷத்தில் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அந்த வார்த்தை வந்ததில்லை.

கல் நான்கு சுவருக்கும் காணாது. எங்கே பதிப்பது என்ற கேள்விக்கு நைனாவிடம் ஒரே பதில்தான். துரை வீட்டில் எங்கே இருந்ததோ அங்கே. தொட்டிக்குப் பின்னால், தொட்டியின் தலைமாட்டில், கால்மாட்டில், உட்கார்ந்து குளிக்கிறவரின் தலைக்கு மேல் ஒரு முழம் வரை. கடைசிக் கல்லைப் பதித்த அன்று நைனா கதவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். உள்ளே போகவில்லை. கையை வேட்டியில் துடைத்தார், அப்புறம்தான் போனார்.

மறுநாள் முதல் குளியல். அந்தத் தொட்டி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது கிணற்றுக்கும் என் தோளுக்கும்தான் தெரியும். இறைத்து இறைத்து ஊற்றினேன். நைனா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நின்று, கையைக் குவித்து, துறைமுகத்தில் கப்பல் கிளம்பும்போது ஊதுகிற மாதிரி நீளமாக ஊதினேன். “டேய்!” என்று சத்தம் வந்தது. வெகு நேரம் கழித்து விரலெல்லாம் சுருங்கி வெளியே வந்தார்.

“எப்படி இருந்திச்சி?” என்றாள் அம்மா.

“நல்லாத்தான் இருந்திச்சி” என்றார் நைனா. சொல்லிவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போய், வாளியில் தண்ணீர் இறைத்து, தலையில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு இழுப்பில் போய் முடிந்தது. “அங்க குளிச்சதுக்கு இங்க ஒரு குளியலா?”

“சோப்புத் தண்ணியிலயே கெடந்துட்டு எப்படிடி அப்படியே வர்றது?”

அதோடு அந்தத் தொட்டியில் யாரும் உட்காரவில்லை. அதை நிரப்பி வைப்போம், முன்னால் நின்றுகொண்டு சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வோம். துரை வீட்டுத் தொட்டி நம் வீட்டில் வெறும் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. தொட்டில் வாங்கிவந்து அதில் நெல் கொட்டி வைத்த கதைதான். ஆனால் அம்மாவுக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. சுவர் இருந்தது, கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது. வெயில் ஏறிய பிறகு குளித்தாள். சில வாரம் பூனைக்குட்டி சத்தமே இல்லை.

இப்போது மகனே, நீ புத்திசாலியாக இருந்தால் (உன் அம்மாவின் பக்கத்திலிருந்தாவது அது வந்திருக்கும் என்று நம்புகிறேன்) கோளாறு எங்கே என்று கண்டுபிடித்திருப்பாய். நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பீங்கான் பதித்த இடத்தில் யாரும் குளிக்கவில்லை. குளிக்கிற இடத்தில் பீங்கான் இல்லை. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் தோளில் பட்டுப் பக்கத்தில் இருந்த பொதுச்சுவரில் தெறித்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சு. முதலில் நிறம் மாறியது, அப்புறம் உப்பியது, அப்புறம் அப்பளம் மாதிரி கழன்று விழ ஆரம்பித்தது. எதிரே துரை வீட்டுக் கல் பதித்த சுவர் ஒரு துளி நனையாமல் பளபளவென்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் பக்கத்து வீட்டுச் சாமான் அறை. ஒரு நாள் அந்த வீட்டு அக்கா கையில் ஒரு பிடி அரிசியோடு வந்து நின்றாள். அரிசியில் பச்சையாகப் பூசணம்.

“அண்ணே, நீங்க குளிங்க, வேணாங்கல. எங்க வீட்டு அரிசியையும் ஏன் குளிப்பாட்டுறீங்க?”

நைனா அந்த அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். அன்றைக்கே நைனா சொல்லிவிட்டார், அந்தச் சுவருக்கு ஒரு வழி பண்ணுகிற வரைக்கும் யாரும் அங்கே குளிக்கக் கூடாது. பட்டணத்திலிருந்து வேறு கல் வரவழைக்க வேண்டும், தை பிறக்கட்டும், பார்க்கலாம் என்றார். எனக்கும் அவருக்கும் கவலையில்லை, ஆம்பிளைகள் கிணற்றடியில் நின்று ஊற்றிக்கொள்ளலாம். அம்மா பழையபடி இருட்டில் எழுந்தாள். அது மார்கழி. மூன்றாம் நாளே பூனைக்குட்டி திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை குட்டி இல்லை, பூனை. தாழ்வாரத்தில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பாள். கேட்டால் கையை மட்டும் ஆட்டுவாள், ஒன்றுமில்லை என்று.

“அங்க சும்மா கெடக்குற கல்லைப் பேத்து இங்க பதிச்சா என்னா நைனா?” என்றேன்.

“பேக்கறதா? பதிச்ச கல்லையா?” என்றார்.

“யாரும் அங்க குளிக்கலயே.”

“குளிக்கலன்னா என்னா? அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

அம்மா அவருக்காகப் பேசினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “உடுடா. ஆசையா செஞ்சாரு. தை எங்க, இதோ இருக்கு” என்றாள். இந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் உன் அப்பனின் மூளையைக் கவனி. வாய்ப்பேச்சால் நைனாவை அசைக்க முடியாது, ஆகவே சுவரை அசைப்பது என்று தீர்மானித்தேன். நைனா வேலைக்குப் போனதும் பேனாக்கத்தியோடு உள்ளே போவேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லச் செலுத்தி, ஒரு நெளி நெளித்து, அடுத்த கல்லுக்குப் போவேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு கல்லும் ஒரு மயிரிழையில் நிற்கும். பொறுமை, கணக்கு, கைநயம். இந்த ஊரில் குறும்பு செய்கிறவர்கள் பலர் உண்டு, குறும்பைக் கொத்தனார் வேலையாகச் செய்தவன் நான் ஒருவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நைனா கொல்லையில் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது, உள்ளே சடசடவென்று சத்தம். பின்சுவரில் இரண்டு வரிசை பெயர்ந்து தொட்டித் தண்ணீருக்குள் விழுந்து கிடந்தது. தண்ணீருக்குள் விழுந்ததால் உடையவும் இல்லை. இதையும் நான் முன்கூட்டியே கணக்குப் போட்டு, தொட்டியை நிரப்பி வைத்திருந்தேன் என்று வைத்துக்கொள்.

நைனா பாதி முகத்தில் சோப்போடு ஓடி வந்தார். தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். முழங்கை வரை கையை விட்டு ஒரு கல்லை எடுத்தார். பக்கத்தில் தாழ்வாரத்திலிருந்து அம்மா மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அவர் அந்தச் சத்தத்தையும் கேட்டார், வெறும் சுவரையும் பார்த்தார், உப்பிப்போன பொதுச்சுவரையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது ஓர் அபூர்வமான தருணம்.

“மிச்சத்தையும் எடுத்துடு. இந்தப் பக்கம் பதிப்போம். நிக்கிற ஆள் தோளுக்கு மேல வரணும். எவ்வளவு வருதோ பார்ப்போம்” என்றார்.

பழைய பூச்சைச் சுரண்டி, சுவரைக் காயவிட்டு, சிமெண்டு பூசி, அதன்மேல் கல் பதித்தோம். நைனாவே பாதிக் கல்லைப் பதித்தார். தொட்டிக்குப் பின்னால் இப்போது வெறும் சுண்ணாம்பு. அம்மா நின்று குளிக்கிற இடத்தில், தரையிலிருந்து அவள் தலை உயரம் வரை வெள்ளைச் சுவர். எங்கேயோ பார்த்ததைப் போல ஒன்று கட்ட வேண்டும் என்று உனக்கும் ஒரு நாள் ஆசை வரும், கட்டு. கட்டுவதற்கு முன்னால் உன் வீட்டு மனுஷர் எங்கே நிற்பார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள். நைனாவும் நானும் நூல் பிடித்துப் பார்த்தோம், தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தோம், அம்மா சொம்போடு எங்கே நிற்பாள் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டு நிற்கவைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

இன்று பதினொரு மணிக்கு அவள் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. நைனா வேலைக்குப் போகவில்லை, தலைவலி என்றார். தலைவலிக்காரர் கொல்லையிலேயே நடந்துகொண்டிருந்தார். சொம்புச் சத்தம் ஒன்று, அப்புறம் வெகு நேரம் கழித்து இன்னொன்று. நைனாவுக்குப் பொறுக்கவில்லை. “என்னாடி பண்ற உள்ள?” என்றார். மாடி ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “யக்கா! என்னா, ஆளையே காணோம்?” என்று குரல் கொடுத்தாள்.

உள்ளேயிருந்து அம்மா, ஒரே மூச்சில், நடுவில் எங்கேயும் நிற்காமல் கத்தினாள். “குளிக்கிறேன்! மெதுவாத்தான் வருவேன்! யாரும் கூப்பிடாதீங்க!”

நைனா என்னைப் பார்த்தார், நான் கிணற்றைப் பார்த்தேன்.

இங்கேயே ‘உன் அன்புள்ள அப்பா’ என்று போட்டு முடித்திருக்கலாம். பேனாக்கத்தி வரைக்கும் படித்துவிட்டு நீ என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய், அது எனக்கும் வசதிதான். ஆனால் தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது, காலியாக விட்டால் உறுத்துகிறது. எழுதிவிடுகிறேன். என்னிடம் பேனாக்கத்தியே கிடையாது. அந்தக் கற்களை நான் தொடவும் இல்லை. அவை தாமாகவே விழுந்தன, தொட்டியில் கிடந்ததும் முன்னே நிரப்பிய பழைய தண்ணீர்தான். பீங்கான் கல்லைப் பதிப்பதற்கு முன் நன்றாகத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் அது கலவையிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், கலவை பிடிக்காது. நைனா முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் கடற்கரையில் எனக்காகக் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். ஊறப்போட வேண்டுமானால் கிணற்றில் இறைக்க வேண்டும். அதனால் கற்களை அடுக்கியபடியே வைத்து, மேல் வரிசையில் மட்டும் தண்ணீரைத் தெளித்துவிட்டு ஓடிவிட்டேன். கல்லூரியில் படிக்கிறவன், கல் ஊறாமல் பதித்தேன். நைனா மறுநாள் மேல் கல்லைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார், நானும் ஆட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அவர் எடுத்த கல்லின் முதுகில் கலவை ஒரு பொட்டுக்கூட ஒட்டியிருக்கவில்லை. வாங்கிவந்த அன்றைக்கு இருந்த மாதிரி சுத்தமாக இருந்தது. அவர் அதைத் திருப்பி, என் பக்கம் காட்டி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“இந்தத் தடவை அடியில இருக்கிற கல்லையும் நனை.”